ஓநாயின் வயிற்றில் ஒரு வாத்து

ஒரு சின்ன சோதனை. கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

பக்கத்துத் தெருவில் நாயனம் ஒலிக்கிறது. உங்களுக்கு என்ன தெரிகிறது? வாழைமரம் கட்டிய பந்தல், பன்னீர்ச் சொம்பு, ஓடித் திரியும் பட்டுப்பாவாடைகள். சரி, அடுத்தது. பம்பையும் உடுக்கையும் கேட்கின்றன. வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், சாமி வந்து ஆடும் யாரோ ஒரு பெரியம்மா. நல்லது. இப்போது 'ஓபோ' என்றொரு வாத்தியம் ஒலிக்கிறது. என்ன தெரிகிறது?

ஒன்றும் தெரியவில்லை, இல்லையா? உங்கள் காதில் கோளாறு ஒன்றும் இல்லை. அந்த ஒலிக்கு உரிய முகத்தை யாரும் உங்களுக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

முகம் தெரியாத ஒலி மனதில் தங்காது. நமக்கே இந்த லட்சணம் என்றால், ஆறு வயதுப் பிள்ளையை யோசித்துப் பாருங்கள். எழுபது எண்பது பேர் கறுப்புக் கோட்டு போட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஓர் ஆர்கெஸ்ட்ராவின் முன்னால் அதைக் கொண்டுபோய் நிறுத்தி, "இது வயலின், அது பாஸூன், அதோ பின்னால் இருப்பது டிம்பனி" என்று பாடம் நடத்தினால் என்ன ஆகும்? மூன்றாவது நிமிடம் கொட்டாவி. ஐந்தாவது நிமிடம், "அம்மா, ஒண்ணுக்கு வருது!"

பிள்ளைகளுக்கு வாத்தியத்தை அறிமுகம் செய்ய ஒரே வழிதான் உருப்படியானது. கதை சொல்ல வேண்டும். வாத்தியத்தைக் கதைக்குள் ஓர் ஆளாக நடமாட விட வேண்டும்.

மாஸ்கோவில் ஒரு பெண் 1936-ல் இதைச் செய்து காட்டினார். உலகமே அதைக் கொண்டாடியது. புதுச்சேரியை ஒட்டிய வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் பெயர் தெரியாத பலர் இதே வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். அதை யாரும் பெரிய விஷயமாக எழுதி வைக்கவில்லை. இந்த வாரம் இரண்டு கதையையும் பார்த்துவிடலாம். முதலில் நம்ம ஊர்.

* * *

பாகூர் லேசுப்பட்ட ஊர் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாவது ஆட்சியாண்டில், அங்கே இருந்த ஒரு வடமொழிக் கல்லூரிக்கு மூன்று கிராமங்களின் வருமானம் மானியமாக எழுதிவைக்கப்பட்டது. அந்தச் சாசனம்தான் புகழ்பெற்ற பாகூர்ச் செப்பேடுகள். பதினான்கு வகை வித்தைகள் அங்கே இருந்ததாகச் செப்பேடு பெருமை பேசுகிறது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேல் பழைய கணக்கு. இன்றைக்கும் பளிச்சென்று படிக்கக் கிடைக்கிறது.

ஆனால் அது வேதம் ஓதியவர்களின் கல்லூரி. வரப்பில் களை எடுத்தவரின் பிள்ளை அதன் வாசற்படியைக்கூட மிதித்திருக்க முடியாது. அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எங்கே இருந்தது?

அறுப்பு முடிந்த கழனியில். கோயில் திடலில். வருடத்தில் சில ராத்திரிகள் மட்டும் நடந்த பள்ளிக்கூடம் அது. பெயர் தெருக்கூத்து.

பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதம் படிப்பவர் கதையைச் சொல்லிக்கொண்டே வருவார். ராத்திரியில் அதே கதை கூத்தாக இறங்கும். துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று நாளுக்கொன்றாக நகர்ந்து, பதினெட்டாம் போரில் முடியும். கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் திடலில் மல்லாந்து கிடப்பான். சாயங்காலம் தீமிதி. புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் சுற்றுவட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை.

அங்கே வாத்தியம் எப்படி அறிமுகமாகும் என்று பாருங்கள்.

கூத்து எடுத்த எடுப்பில் கதையோடு ஆரம்பிக்காது. முதலில் களரி கட்டுவார்கள். மத்தளம் அல்லது மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை, ஆர்மோனியம்... எல்லாம் சேர்ந்து ஒரு வெளுவெளு. ஊருக்கு அதுதான் அழைப்பு. சத்தம் கேட்டதும் பிள்ளைகள் கோணிப்பை, பாய், பழைய போர்வை சகிதம் ஓடிவந்து முன்வரிசையில் இடம்பிடிக்கும். முன்வரிசை எப்போதும் அவர்களுடையது. வாத்தியக்காரர்கள் எங்கோ பள்ளத்தில் ஒளிந்திருக்க மாட்டார்கள். ஆடுகளத்தின் பின்பக்கம், எல்லோர் கண்ணிலும் படும்படி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். யார் தட்டுகிறார், யார் ஊதுகிறார், ஊதும்போது யாருக்குக் கன்னம் உப்புகிறது... எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

பிறகு இரண்டு பேர் ஒரு துணியைக் குறுக்கே பிடிப்பார்கள். அதுதான் திரை. அதற்குப் பின்னால் ராஜா நிற்கிறார். ஆள் தெரியாது. கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். சலங்கை அதிரும். திரைக்குப் பின்னாலிருந்தே பாட்டு கிளம்பும். மத்தளம் அடிக்கும் வேகத்தை வைத்தே பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள், வரப்போவது தருமரா துரியோதனனா என்று. நிதானமாக வந்தால் தருமர். திடலே கிடுகிடுத்தால் துரியோதனன். நடுராத்திரியில் தூங்கிப்போன பிள்ளைகளை, "எந்திரிடா, துரியோதனன் வர்றான்" என்று உலுக்கி எழுப்புவார்கள். பாதி நேரம் எழுப்பவே தேவையிருக்காது. மத்தளமே எழுப்பிவிடும்.

இன்ன பாத்திரத்துக்கு இன்ன வாத்தியம் என்று கூத்தில் பங்கு பிரிக்கவில்லை. ஆனால் ஒலிக்கும் ஆளுக்கும் முடிச்சுப் போடும் வேலை நடந்துவிடும். அதிலும் அந்த முகவீணை! பெயரைப் பார்த்து வீணை என்று நினைத்துவிடாதீர்கள். அது நாயனத்தின் தம்பி. ஒரு முழத்துக்கும் குறைவான நீளம். கீச்சென்ற உச்சக் குரல். மைக் இல்லாத காலத்தில் தொண்டை கிழிய பாடிய கூத்தாடி மூச்சு வாங்கும் இடத்தில், விட்ட இழையை இது பிடித்துக்கொள்ளும். திரௌபதி சபையில் நின்று கதறும்போது, அவள் பாட்டை நிறுத்திய பிறகும் அவள் அழுகை நிற்காது. முகவீணை அழுதுகொண்டே இருக்கும்.

அதைக் கேட்ட ஆறு வயதுப் பிள்ளைக்கு 'இது இரட்டை நாக்குள்ள துளைக்கருவி' என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதற்கு அந்த வாத்தியம் திரௌபதிதான். சாகும்வரை மறக்காது.

* * *

இனி மாஸ்கோ.

நடாலியா சாட்ஸ் 1903-ல் பிறந்தவர். அப்பா இலியா சாட்ஸ் இசையமைப்பாளர். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் மாஸ்கோ கலை அரங்கில் 1908-ல் மேடையேறிய 'நீலப் பறவை' நாடகத்துக்கு இசை போட்டவர். நடாலியாவுக்கு ஒன்பது வயது ஆகும்போது அவர் இறந்துபோனார். பதினைந்தாவது வயதில், புரட்சிக்கு அடுத்த வருடம், மாஸ்கோ நகர நிர்வாகத்தில் குழந்தைகள் அரங்கப் பிரிவுக்கு இந்தப் பெண்ணைப் பொறுப்பாகப் போட்டார்கள். பதினைந்து வயதில்! பதினெட்டு வயதில் குழந்தைகளுக்கென்றே ஒரு தியேட்டரை நடத்திக்கொண்டிருந்தார். 1931-ல் பெர்லினுக்குப் போய், ஆட்டோ கிளெம்பெரர் இசை நடத்த, வெர்டியின் 'ஃபால்ஸ்டாஃப்' ஆபராவை இயக்கிவிட்டு வந்தார். சாதாரண ஆள் இல்லை.

1935-ல் அவருடைய தியேட்டருக்கு ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பையன்கள். அப்பாவின் பெயர் செர்கெய் புரோகோஃபியேவ். 1918-ல் ரஷ்யாவை விட்டு வெளியேறி அமெரிக்கா, பாரிஸ் என்று சுற்றிப் பெரும் பெயர் சம்பாதித்த இசையமைப்பாளர். மறுபடி தாய்நாட்டிலேயே குடியேறும் முடிவில் இருந்தார். பையன்களுக்கு நாடகம் பிடித்துப்போனது. திரும்பத் திரும்ப வந்தார்கள்.

விடுவாரா நடாலியா? பிடித்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு ஆர்கெஸ்ட்ராவை அறிமுகப்படுத்த வேண்டும், கதையோடு சேர்ந்து வர வேண்டும், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வாத்தியம் இருக்க வேண்டும் என்று கேட்டார். புரோகோஃபியேவுக்குப் பொறி தட்டியது. முதலில் ஒரு கவிஞர் செய்யுளில் எழுதித் தந்த கதை அவருக்குப் பிடிக்கவில்லை. எதுகை மோனையில் பிள்ளைகளின் கவனம் போய்விடும் என்று ஒதுக்கிவிட்டுத் தானே எழுத உட்கார்ந்தார். பியானோவுக்கான முதல் வடிவம் முடிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. 'பீட்டரும் ஓநாயும்' பிறந்தது. மொத்தமே இருபத்தைந்து நிமிடம்தான்.

கதை இதுதான். பீட்டர் என்ற பையன் தோட்டக் கதவைத் திறந்துகொண்டு புல்வெளிக்குப் போகிறான். பீட்டர் வந்தால் வயலின் குடும்பம் மொத்தமும் சேர்ந்து வாசிக்கும். மரத்தில் ஒரு குருவி. அது புல்லாங்குழல். குளத்தில் ஒரு வாத்து. அதுதான் நாம் ஆரம்பத்தில் பார்த்த ஓபோ. குருவியும் வாத்தும் சண்டை போடுகின்றன. உனக்குப் பறக்கத் தெரியவில்லை என்று அது, உனக்கு நீந்தத் தெரியவில்லை என்று இது. பதுங்கிப் பதுங்கி வரும் பூனை, கிளாரினெட். கதவைத் திறந்து போட்டதற்குத் திட்டும் தாத்தாவுக்கு, அடிக்குரலில் முணுமுணுக்கும் பாஸூன். அப்புறம் ஓநாய். அதற்கு மூன்று ஹார்ன்கள் சேர்ந்து வாசிக்கும்.

தமிழில் ஹார்ன் என்றால் கொம்பு. கோயில் திருவிழாவில் சாமிக்கு முன்னால் வளைந்து நிமிர்ந்து முழங்குமே, அந்தக் கொம்பும் எக்காளமும் கேட்டவர்களுக்கு அந்த ஓநாயைப் புரியவைக்கச் சிரமமே இல்லை. தலையில் கொம்பில்லாத ஓநாய்க்கு மூன்று கொம்பு கொடுத்தார் புரோகோஃபியேவ்!

வேடர்கள் துப்பாக்கியால் சுட்டால் டிம்பனியும் பெரிய டிரம்மும் அதிரும். கதை தொடங்கும் முன்பே ஒவ்வொரு வாத்தியத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டி, அதன் மெட்டை ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுவார்கள். நம்ம களரி கட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஓநாய் வருகிறது. பூனை மரமேறிவிடுகிறது. பயத்தில் குளத்தைவிட்டு வெளியே ஓடிய வாத்தை ஓநாய் ஒரே வாயில் விழுங்கிவிடுகிறது. பீட்டர் குருவியை விட்டு ஓநாய்க்குப் போக்குக் காட்டி, கயிற்றுச் சுருக்கில் அதன் வாலைப் பிடித்துவிடுகிறான். சுட வந்த வேடர்களைத் தடுத்து, ஓநாயை மிருகக்காட்சி சாலைக்கு ஊர்வலமாகக் கொண்டுபோகிறார்கள். சுபம்.

ஆனால் வாத்து?

கடைசியில் புரோகோஃபியேவ் ஒரு வேலை செய்தார். காதைத் தீட்டிக் கேட்டால் ஓநாயின் வயிற்றுக்குள்ளிருந்து வாத்தின் குரல் கேட்கும் என்று கதைசொல்லி சொல்வார். அவசரத்தில் ஓநாய் அதை உயிரோடு விழுங்கிவிட்டதாம். எங்கோ தூரத்திலிருந்து வருவது போல ஓபோ மெல்லிசாக அழும். அரங்கில் ஒரு பிள்ளைக்கும் வாத்தியத்தின் பெயர் மறந்திருக்காது.

1936 மே 2-ம் தேதி மாஸ்கோவில் முதல் நிகழ்ச்சி. நடாலியாவுக்கு உடம்பு சரியில்லை. வேறொருவர் கதை சொன்னார். கூட்டமும் குறைவு, வரவேற்பும் சுமார்தான். சில நாளில் நடாலியா தேறிவந்து தானே கதை சொன்னபோதுதான் பிள்ளைகள் வசப்பட்டார்கள். 1938-ல் புரோகோஃபியேவ் ஹாலிவுட்டுக்குப் போய் வால்ட் டிஸ்னிக்கே வாசித்துக் காட்டினார். 1946-ல் டிஸ்னியின் கார்ட்டூன் வந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் பெஞ்சமின் பிரிட்டன் இசையில், வாத்தியங்களைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் படம் வந்தது. 1958 முதல் நியூயார்க்கில் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் டெலிவிஷனில் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்தார். உலகம் முழுக்கப் பள்ளிக்கூடங்களில் பீட்டர் நுழைந்துவிட்டான்.

அவனைக் கேட்டு வாங்கிய நடாலியா எங்கே?

* * *

ஸ்டாலினின் ஓநாய்கள் வந்துவிட்டன.

1937 ஆகஸ்டில் நடாலியாவைக் கைது செய்தார்கள். முதல் நிகழ்ச்சி நடந்து பதினைந்து மாதம்தான் ஆகியிருந்தது. அவர் கணவர் இஸ்ரேல் வெய்ட்சர், சோவியத் அரசின் உள்நாட்டு வணிகத் துறை மந்திரி. அவரையும் பிடித்தார்கள். 1938-ல் சுட்டுக் கொன்றார்கள். நடாலியாவுக்கு ஐந்து வருடம் கட்டாய உழைப்பு முகாம். குழந்தைகளுக்குக் கதை சொன்னவர் குளிர்ப் பிரதேசத்தில் கைதி.

புரோகோஃபியேவும் தப்பவில்லை. 1948-ல் கட்சி அவர் இசையை மக்களுக்கு விரோதமானது என்று கண்டித்தது. அதே மாதம், பிரிந்து வாழ்ந்த அவருடைய முதல் மனைவி லீனாவைக் கைது செய்து இருபது வருட தண்டனை கொடுத்தார்கள். எட்டு வருடம் முகாம்களில் கிடந்தார். லீனா யார்? 1935-ல் தியேட்டரில் கைதட்டிய அந்த இரண்டு பையன்களின் அம்மா.

1953 மார்ச் 5-ம் தேதி புரோகோஃபியேவ் இறந்தார். அன்றைக்குத்தான் ஸ்டாலினும் இறந்தார். மாஸ்கோவின் மாலைகள் எல்லாம் ஒரு பக்கம் போய்விட்டன. பீட்டரைப் படைத்தவருக்கு வைக்க ஊரில் பூ கிடைக்கவில்லை.

நடாலியா மட்டும் வாத்து மாதிரி. விழுங்கப்பட்ட பிறகும் குரல் அடங்கவில்லை. முகாமிலிருந்து விடுதலையானவர் தூரத்து கஸகஸ்தானில், அல்மா-அட்டாவில், 1940-களின் நடுவில் அந்த நாட்டின் முதல் குழந்தைகள் தியேட்டரைத் தொடங்கினார். 1965-ல் மாஸ்கோவில் குழந்தைகள் இசை அரங்கத்தை ஆரம்பித்தார். அதன் சின்னம் நீலப் பறவை. அப்பா இசை போட்ட அதே நீலப் பறவை! 1993-ல் தொண்ணூறு வயதில் இறக்கும் வரை, எத்தனையோ பிள்ளைகளுக்கு அவர் வாயாலேயே பீட்டர் கதையைச் சொல்லியிருக்கிறார். ஓநாயின் வயிற்றில் வாத்து கத்தும் இடத்தைச் சொல்லும்போதெல்லாம் அவர் மனதில் என்ன ஓடியிருக்கும்?

* * *

வாத்துகள் விழுங்கப்படுவது மாஸ்கோவில் மட்டும் நடக்கிற சமாச்சாரம் இல்லை. நம்ம திடலுக்கே திரும்பி வாருங்கள்.

ஓபோ என்பது பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்த பெயர். 'உரத்த மரம்' என்று பொருள். பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிப் பெரியவர்களைக் கேட்டால் 'ஓப்வா' என்று சரியாகச் சொல்வார்கள். வாயில் வைக்கும் இடத்தில் இரண்டு மெல்லிய நாணல் தகடுகள். ஊதினால் இரண்டும் அதிர்ந்து ஒலி பிறக்கும். நாயனத்துக்குச் சீவாளி என்கிறோமே, அதே தத்துவம். முகவீணையும் அதே. ஆக, பீட்டரின் வாத்தும் திரௌபதியின் அழுகையும் பங்காளிகள்! ஒன்று ஐரோப்பிய அரண்மனைக்குப் போனது. இன்னொன்று பாகூர்க் கழனிக்கு வந்தது.

இதே பிரெஞ்சு தேசத்திலிருந்துதான் இன்னொரு வாத்தியமும் வந்தது. 1842-ல் பாரிஸில் அலெக்சாந்தர் தெபான் என்பவர் பேட்டன்ட் வாங்கிய ஆர்மோனியம். காலால் மிதித்து வாசித்த அதைக் கல்கத்தாவில், தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தியை இழுத்து வாசிக்கிற மாதிரி மாற்றினார்கள். அவ்வளவுதான், நாடகக்காரர்கள் வாரிக்கொண்டார்கள். சுருதிக்குச் சுருதி, பாட்டுக்குப் பாட்டு, தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகவும் சௌகரியம்.

ஆர்மோனியத்தையும் நான் வில்லனாக்கப் போவதில்லை. நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' என்று பையன்களையே வைத்து ஒரு நாடகக் கம்பெனி தொடங்கினார். பின்னாளில் அவ்வை சண்முகம் என்று பெயர் வாங்கிய டி.கே. சண்முகம் அதில் சேர்ந்தபோது வயது ஆறு. பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி படிக்கும் வயதில் அந்தப் பிள்ளைகள் சுருதியையும் தாளத்தையும் படித்தார்கள். எல்லாம் ராஜா, ராணி, ராட்சசன் கதைகள் வழியாக. வாத்தியார் பக்கவாதத்தில் விழுந்த பிறகும் கம்பெனியை விடவில்லை. கூடவே புதுச்சேரிக்கு வந்தார். 1922 நவம்பர் 13-ம் தேதி அங்கேயே கண்ணை மூடினார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. பிரெஞ்சு ஊரில், பிரெஞ்சு வாத்தியத்தை வைத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காது திறந்தவர்.

பிற்பாடு நடந்ததையும் கேளுங்கள். நம் இசைக்கு ஒத்துவராத வாத்தியம் என்று 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971 வரை தடை நீடித்தது. வானொலியில்தான் தடை. கூத்துத் திடலில் யார் தடுப்பது? அங்கே அது கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டது.

பக்கத்தில் முகவீணை மெல்லத் தேய்ந்தது. காரணத்தை விளக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், வீட்டு வரவு செலவு தெரிந்தால் போதும். முகவீணை ஊதுவதற்கு மூச்சுப் பயிற்சி வேண்டும், வருடக்கணக்கில் குருவோடு அலைய வேண்டும். கூத்துக் காலம் போக மீதி மாதம் கூலி வேலை. கிடைக்கும் சம்பளத்தைக் குழுவில் எல்லோரும் பங்கு போட்டாக வேண்டும். ஒரு பங்கு குறைந்தால் மற்றவர்களுக்குக் கொஞ்சம் கூடும். ஆர்மோனியம்தான் இருக்கிறதே, முகவீணை எதற்கு? இன்றைக்குப் பல குழுக்களில் முகவீணை இல்லை. சில மேடைகளில் ஆர்மோனியத்தின் இடத்துக்கே கீபோர்டு வந்துவிட்டது. ஒரு பொத்தானைத் தட்டினால் புல்லாங்குழல், இன்னொன்றைத் தட்டினால் வயலின், வேறொன்றில் ஓபோவேகூட! எல்லா மிருகத்தையும் ஒரே வயிற்றில் அடக்கிக்கொண்ட ஓநாய் அது.

"ஒலி வந்தால் சரி, எதிலிருந்து வந்தால் என்ன?" என்கிறீர்களா? பெரியவர்களுக்குச் சரி. பிள்ளைக்குச் சரியில்லை. கன்னம் உப்பும் மனிதரைப் பார்த்து, அந்த மூச்சுதான் இந்த அழுகை என்று கண்டுபிடிப்பதில்தான் பிள்ளையின் படிப்பே இருக்கிறது. பொத்தானுக்கு ஏது கன்னம்?

* * *

நல்ல சேதியே இல்லையா? இருக்கிறது. 2008-ல் ஏ.ஆர். ரஹ்மான் சென்னையில் இசைப் பள்ளி தொடங்கினார். அவருடைய சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வயலின், செல்லோ, டிரம்பெட் போன்ற வாத்தியங்களை இலவசமாகச் சொல்லிக்கொடுக்க வந்த திட்டம். 2022-ல் கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டை நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025 மார்ச்சில் லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது, பண்ணைப்புரத்துக் காது எவ்வளவு தூரம் போகும் என்று உலகம் பார்த்தது. சின்ன வயதில் கிராமத்தில் கேட்ட ஒலிகளின் முகம் மறக்காத காது அது.

ஆனால் எல்லாப் பிள்ளையும் சென்னைக்குப் போக முடியாது. வில்லியனூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு வருடம் ஒரு திருக்காமீசுவரர் தேர் இருக்கிறது. பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த தேர். இன்றைக்குத் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். தேருக்கு முன்னால் நாயனம், தவில். அதே ஊரில் 1877-ல் எழும்பிய லூர்து மாதா கோயிலில் ஈஸ்டருக்குப் பிறகு பெருவிழா. சுற்றுவட்டாரத்தில் எங்கேயாவது பாரதக் கூத்து. எல்லாம் இலவசம்தான். பிள்ளைகளைக் கூட்டிப்போவதில்தான் நமக்குச் சுணக்கம். போனாலும் பலூன் வாங்கிக்கொடுத்து, செல்போனில் ரெண்டு படம் எடுத்துக்கொண்டு, "பனியில நிக்காத, காலையில ஸ்கூல்" என்று பத்து மணிக்குத் திரும்பிவிடுகிறோம். துரியோதனன் வருவதற்கு முன்பே.

ஒரே ஒரு ராத்திரி செலவழியுங்கள். சனிக்கிழமையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். களரி கட்டும் நேரத்துக்கே போய்விடுங்கள். சாமியைப் பார்க்கும் இடத்தில் உட்காராமல், வாத்தியக்காரர்கள் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்துப் பிள்ளையை உட்கார வையுங்கள். எந்த வாத்தியத்தின் பெயரையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். "இப்ப அழறது யாரு?" என்று மட்டும் கேளுங்கள். அதுவே தேடிக் கண்டுபிடிக்கும். விரலை நீட்டிக் காட்டும்.

அந்தக் குழுவில் முகவீணைக்காரர் ஒருவர் இன்னும் இருந்தால், விடிந்ததும் கிளம்பும் முன் அவர் கையில் ஒரு ஐம்பதோ நூறோ கொடுத்துவிட்டு வாருங்கள். பிள்ளையின் கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.